சுரைக்காய்க்குள் பால் சுறா

சனத்நகரில் சாருலதா நறுக்கிய சுரைக்காய்க்குள் ஒரு சாண் நீளச் சுறாக்குட்டி உயிரோடு இருந்தது. காய் அன்றைக்கு முப்பது ரூபாய்.

எல்லாம் அவள் கணவன் நிகிலால் வந்தது. பிரசவமாகிப் பதினோரு நாளாகியும் சாருலதாவுக்குப் பால் சுரக்கவில்லை. புட்டிப்பாலைக் குடித்த வேகத்தில் கக்கிய குழந்தை ரக்ஷிதா நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தாள். மல்லாபூரிலிருந்து நிகிலின் அக்கா காஞ்சனா போனில் கத்தினாள். "பால் சுறா வாங்கிட்டு வாடா. புட்டு செஞ்சு குடுத்தா பால் தானா ஊறும்." நிகிலுக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம், தமிழ்தான் கொஞ்சம் தகராறு. தெலுங்கில் படித்து வளர்ந்தவனுக்குச் சுறாவும் சொர, சுரைக்காயும் சொரக்காய. "ஹவ் அக்கா, சரி" என்று நல்ல பிஞ்சாகப் பார்த்து வாங்கி வந்தான்.

ஆட்டோவில் வந்து இறங்கிய காஞ்சனா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நறுக்கிய காயிலிருந்து சுறாவே வந்ததும் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். குட்டியைக் கையில் எடுத்த சாருலதா, உப்புத்தாள் போன்ற அதன் தோலைத் தடவிப் பார்த்து, "மதினி, இதுக்குத் தொப்புள் இருக்கு" என்றாள்.

"சுறாவுக்கு ஏதுடி தொப்புள்?"

நிகில் போனில் தேடினான். சுறாக்களில் ஐநூறு வகைக்கு மேல் உண்டாம். சில முட்டையிடுமாம், சில குட்டி போடுமாம். பால் சுறா தன் குட்டியை வயிற்றுக்குள் கொடி வைத்தே வளர்க்குமாம்.

"இதுக்கும் ஒரு அம்மா கொடியில சோறூட்டியிருக்கா. நக்கோ மதினி, நான் தின்ன மாட்டேன்."

"அப்ப உம்புள்ள?"

சாருலதா அழுதாள். அழுதுகொண்டே குட்டியை பால்கனித் தண்ணீர் டிரம்மில் விட்டாள். நிகில் கல்லுப்பைக் கொட்டிக் கலக்கினான். உப்பு கரைவதற்குள் அவள் ரவிக்கை பாலில் நனைந்துவிட்டது. காஞ்சனா அடுப்பை அணைத்துவிட்டு வந்து டிரம்மைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆறு வருஷத்தில் மூன்று வீடு மாறினார்கள். ஒவ்வொரு முறையும் டிரம்தான் முதலில் வண்டி ஏறியது. சுறாவுக்குப் பற்கள் விழுந்து விழுந்து முளைத்தன. டிரம்மைக் கழுவும்போது நிகில் அவற்றைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளினான். பால் சுரக்காத பெண்கள் வந்து தண்ணீரில் கை நனைத்துவிட்டுப் போனார்கள். புட்டு என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை. காஞ்சனா ஞாயிறுதோறும் மத்தி வாங்கி வருகிறாள்.

போன மாதம் ரக்ஷிதாவுக்கு முதல் பால் பல் விழுந்தது. அதைக் கூரைமேல் எறியச் சொன்னார்கள். அவள் நேராகப் போய் டிரம்மில் போட்டாள். "இதி செல்லிகி" என்றாள். தங்கைக்காம். பதினோரு நாள் இளையவள்தானே என்று சாருலதாவும் ஒத்துக்கொண்டு, அன்றைய மத்தியை ஒருத்திக்குப் பொரித்தும் மற்றவளுக்குப் பச்சையாகவும் வைத்தாள்.