பதிலை ஊட்டாத கேள்வி

எனக்கு மூக்கு கொஞ்சம் நீளம்; எதிலும் நுழைத்துக் கேள்வி கேட்பேன். அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அமெரிக்காவில், டொலீடோ ஊரில் மெடிக்கல் கோடிங் வேலை. இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்ததையும், கழுத்து வழியாகக் குழாய் பொருத்தியதையும் டாக்டர் எழுதி அனுப்புவார். பில்லுக்கான எண்ணை நாங்கள் போடுவோம். குழாயின் நுனி எங்கே நின்றது என்று அவர் எழுதாமல் விட்டால் கேட்க வேண்டும். "இதயத்துக்குப் பக்கத்தில்தானே?" என்று கேட்கக் கூடாது. "நுனி எங்கே நின்றது?" அவ்வளவுதான். பதிலை நாம் ஊட்டக் கூடாது.

புதன்கிழமை காலை திரையில் அடுத்த பெயர் எல்மர் விட்கோ; இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்த கேஸ். பிறந்த தேதியும் அதேதான். ஐயோ, என் வீட்டுக்காரர்! முந்தின நாள் தன் தம்பியோடு ஈரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன மனுஷன். மாநில எல்லை தாண்டி மிச்சிகன் பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் என் கண்ணில் படாது என்று நினைத்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியின் பில் வேலை போன மாதம்தான் எங்களிடம் வந்தது.

சொந்தக்காரர் ஃபைலைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காமலே பக்கத்து மேஜை ரோஷெல்லுக்குத் தள்ளிவிட்டேன். அவள் படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். சும்மா பார்த்துவிட்டு வந்த கேஸுக்கு இவ்வளவு நேரம் எதற்கு?

"ஏய், தலையை மட்டும் ஆட்டுடி. பெருசா?" என்றேன்.

"வாயைத் தொறந்தா ரெண்டு பேரும் தெருவுலதான். கேள்வி கேக்கத்தானே உனக்குச் சம்பளம்? வீட்ல போய்க் கேளு. ஊட்டாம கேளு."

சாயங்காலம் அவர் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வழியாகத்தான் குழாய் விட்டிருப்பார்கள்; அதை மறைக்கத்தான் ஜாக்கெட். திருட்டு மனுஷன்!

"நேத்து என்ன நடந்துச்சு?" என்றேன்.

"மீனே கடிக்கல."

"அப்புறம்?"

"காத்து ஜாஸ்தி."

"அப்புறம்?"

"என்னடி இது, போலீஸ் மாதிரி?"

அடுப்பில் சூப் அடிபிடித்தது; நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே ஜாக்கெட் கையைச் சுருட்டினார். மணிக்கட்டில் கட்டு.

"மூணு அடைப்பாம். திங்கக்கிழமை நெஞ்சைத் திறக்கணுமாம். உங்கிட்ட சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பியே."

ஆயிரம் இருக்கத்தான் செய்தது. எந்த ரத்தக்குழாய், எந்தப் பக்கம், எந்த டாக்டர். நான் கேட்டது வேறு.

"பயமா இருந்துச்சா?"

பதிலை ஊட்டுகிற கேள்விதான். அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் தலையாட்டினார், கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தார்.