பில் இன்னும் பாஸ் ஆகலை

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய். மேஸ்திரி ஜானகிராமன் எனக்குத் தர வேண்டியது அவ்வளவு. நாள் கூலி எண்ணூற்றைம்பது. அதில் சாப்பாட்டுச் செலவுக்கு என்று நானூறை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, மீதி நானூற்றைம்பதை "வேலை முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்கோ" என்று நிறுத்தி வைத்தார். அப்படி எண்பத்தெட்டு நாள். அதற்கு மேல் பதினாறு மணி நேரம் ஓவர்டைம், மணிக்கு நூற்றுப்பத்து. கூட்டிப் பாருங்கள், வரும்.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில். எவர்சில்வர் தகட்டில் மழைத்தண்ணீர்த் தொட்டி செய்து, பிரித்து, பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் பதினொரு பேரும் கம்பெனி ஆட்கள் இல்லை, மேஸ்திரியின் ஆட்கள். கம்பெனி அவருக்குக் கொடுக்கும், அவர் எங்களுக்குக் கொடுப்பார். வெல்டிங் ஆன இடத்தைக் கிரைண்டிங் போட்டு வழவழப்பாக்குவது என் வேலை. இந்த வேலைக்கு முந்தின வருடம்தான், நாற்பத்தாறு வயதில், தொழிற்சங்கத்து மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். தமிழ் படிப்பேன், இங்கிலீஷில் பெரிய எழுத்து தெரியும். அதனால் ஸ்டென்சில் தகடு வைத்துப் பெயின்ட் அடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. ஊர்ப் பேர், தொட்டி நம்பர், அதற்குக் கீழே, முதல் ஆர்டர் என்பதற்கு, லாட் 1. முப்பத்தாறு தொட்டிக்கும் அதை அடித்தது என் கைதான்.

தொட்டியெல்லாம் எங்கே போகிறது என்று முதல் நாளே மேஸ்திரி சொன்னார். பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளாம். அங்கே இருக்கிற பள்ளிக்கூடங்களுக்காம்.

"மார்ஷலா? அது ஜீப்பு பேராச்சே அண்ணாத்தே" என்றான் வெல்டர் ஜஸ்டின். "பூந்தமல்லி ரோட்ல ஷேர் அடிச்சிக்கினு இருந்துச்சே, ஒரு ஜீப்புல இருவது பேரு."

"தீவுடா. சுத்தி கடலு."

"கடலுக்கு நடுவுல குந்திக்கினு தண்ணிக்குத் தொட்டியா?"

"உப்புத் தண்ணிய நீ குடிப்பியா? மூடிக்கினு ராடை எடு."

அக்டோபர் கடைசியில் முப்பத்தாறும் லாரி ஏறிப் போயின. அன்று மாலை பதினொரு பேரும் மேஸ்திரி முன்னால் நின்றோம். அவர் கையை விரித்தார்.

"பில் பாஸ் ஆவணும்யா. பில் பாஸ் ஆகாம கம்பெனி எனக்கு இன்னா, பிச்சையா போடும்?"

இந்த வார்த்தை எங்களுக்குப் புதுசில்லை. பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் கான்ட்ராக்டில் வேலை செய்கிற எவனைக் கேட்டாலும் சொல்லுவான். மேஸ்திரி பில் போடுவார், ஆபீஸில் ஒருத்தர் பார்ப்பார், இன்னொருத்தர் கையெழுத்துப் போடுவார், பணம் வரும். பத்து நாள் ஆகும், பதினைந்து நாள் ஆகும். சரி என்று வந்துவிட்டோம்.

வீட்டில் என் மனைவி அங்கம்மா அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தாள். பதினான்கு வருடமாகக் கரையான்சாவடி மெயின் ரோட்டில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டவள். மெட்ரோ வேலைக்கு ரோட்டை அடைத்ததும் வண்டி நிற்க இடம் இல்லை. ஒரு நாள் இந்த முனை, மறுநாள் அந்த முனை என்று துரத்தினார்கள். முகமது இஸ்மாயில் பாய் தன் கட்டடத்தில் ஏழடிக் கடை ஒன்று காலியாவதைச் சொன்னார். அட்வான்ஸ் நாற்பதாயிரம்.

"பொங்கல் வரிக்கும் யாருக்கும் தர மாட்டேம்மா" என்று பாய் சொன்னார். "உன் கை சட்னிக்காவ சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாது. எனக்கும் லோன் கீது."

அங்கம்மா அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடையைக் கயிறு வைத்து அளந்தாள். அடுப்பு இங்கே, மாவுத் தூக்கு இங்கே என்று கடைத் தரையிலேயே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினாள்.

நவம்பர் போயிற்று. டிசம்பர் வெள்ளத்தில் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர், பத்து நாள் வேலை இல்லை, கூலி இல்லை. மேஸ்திரி மட்டும் புது வண்டியில் வந்தார். கேட்டால் அதே பாட்டு. "பில் இன்னும் பாஸ் ஆகலை."

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரியைத் தாண்டி நேராகக் கம்பெனி அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போனேன். அங்கே அரவிந்தன் என்று ஒரு தம்பி. கும்பகோணத்துக்காரர், அயப்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கிறார், மரியாதையாகப் பேசுகிறவர்.

"சார், நம்ம தீவு வேலை பில்லு எந்த டேபிள்ல மாட்டிக்கினு கீது?"

அவர் சிரித்தார். "அந்த பில்லா? இங்க எந்த டேபிள்லயும் இல்லண்ணே. அமெரிக்கால இருக்கு."

"அமெரிக்காவுலயா?"

"ஆமா. அந்தத் தீவு நாட்டுக்குப் பணம் கொடுக்கறது அமெரிக்காதான். அவங்க கடலையும் கரையையும் அமெரிக்கப் படை பயன்படுத்திக்கும், பதிலுக்கு வருஷா வருஷம் நிதி. அந்த ஒப்பந்தம் செப்டம்பரோட முடிஞ்சிருச்சு. புதுசா இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆனா அவங்க பார்லிமென்ட்ல மசோதா பாஸ் ஆகணும். அது பாஸ் ஆகாம ஒரு பைசா வராது."

"மசோதாவா?"

"மசோதாதான் பில்லுண்ணே."

நான் எந்த பில்லை எண்ணிக்கொண்டு இரண்டரை மாதம் காத்திருந்தேன், இவர் எந்த பில்லைச் சொல்கிறார்! எவனோ ஒருத்தன் ஏதோ ஒரு சபையில் கை தூக்கினால்தான் கரையான்சாவடியில் என் பெண்டாட்டி அடுப்பு பற்ற வைக்க முடியும் என்றால் அது என்ன நியாயம்? "எதுக்கு சார் இவ்ளோ நாளு?" என்று கேட்டேன். அவர்களுக்குள் வேறு நாட்டுச் சண்டைக்குக் கொடுக்கிற பணத்தில் தகராறாம், இது சின்ன விஷயமாம், ஓரத்தில் கிடக்கிறதாம். அந்தத் தீவுகளில்தான் அந்தக் காலத்தில் அறுபத்தேழு அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள் என்றும் அரவிந்தன் சொன்னார். அடுத்தவன் ஊரில் குண்டு வெடிக்கிறதுக்கு அவசரம். அந்த ஊர்ப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்குப் பணம் தர மட்டும் ஆற அமர யோசனை.

பட்டறைக்கு வந்து மற்ற பத்துப் பேருக்கும் நான்தான் சொன்னேன். மேஸ்திரி பொய் சொல்லவில்லை, பில் நிஜமாகவே பாஸ் ஆகவில்லை என்று. என் வாயால் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பாயிடம் போய்க் கெஞ்சினோம். அவர் அங்கம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அமெரிக்கா பார்லிமெண்டா? இன்னாய்யா கலியமூர்த்தி, குடிச்சிருக்கியா?"

"கம்பெனி ஆபீஸ்லயே சொன்னாங்க பாய்."

"சரி, பிப்ரவரி கடைசி. அதோட சரி."

அன்றிலிருந்து தினமும் காலையில் எஸ்டேட் டீக்கடையில் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படித்தேன். வெளிநாட்டுச் செய்தி உள்ளே ஒரு மூலையில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் டீ ஆறிவிடும். உள்ளே நுழைந்ததும் ஜஸ்டின் கேட்பான்.

"அண்ணாத்தே, இன்னா சொல்றான் உங்க மாமனார் ஊட்டுக்காரன்? பாஸா, ஃபெயிலா?"

"இன்னும் உக்காந்து பேசிக்கினே கீறானுங்க."

"நம்மள அனுப்பச் சொல்லு. கிரைண்டரை ஆன் பண்ணிக்கினு உள்ள பூந்தா அல்லாரும் கை தூக்கிருவானுங்க."

சிரிப்போம். சிரித்துவிட்டு அதே கிரைண்டரை எடுப்போம். வேறு வழி?

பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதியும் பேப்பரில் ஒன்றும் இல்லை. மார்ச் இரண்டாம் தேதி அந்த ஏழடிக் கடையில் செல்போன் கவர் தொங்கியது. பாய் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். "நான் இன்னா பண்றதும்மா" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கம்மா தரையைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோட்டின் மேல் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"நீ தொட்டி செஞ்சி குடுத்தியா, இல்லியா?"

"செஞ்சேன்."

"தொட்டி போய்ச் சேந்துச்சா, இல்லியா?"

"சேந்துச்சு."

"அப்புறம் இன்னாய்யா பில்லு?"



அதற்குப் பின்பு பத்து நாளுக்குள் செய்தி வந்தது. பசிபிக் தீவு நாடுகளுக்கு நிதி ஒப்பந்தம், அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் என்று ஆறு வரி. மூன்று முறை படித்தேன். டீக்கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போனேன். பதினொரு பேரும் மேஸ்திரியின் தகரக் கூரை அறைக்குள் நுழைந்தோம். மேஜை மேல் தாளை வைத்தேன்.

"பில் பாஸ் மேஸ்திரி."

ஜானகிராமன் தாளைப் பார்க்கவே இல்லை. "பாஸ் ஆனா உடனே கொட்டுமா? அங்கேர்ந்து தீவுக்கு, தீவுலேர்ந்து சிங்கப்பூர் ஏஜெண்டு, அவங்கிட்டேர்ந்து கம்பெனி. ஆறு மாசம் ஆவும். அவசரம்னா ஒண்ணு பண்ணு. என் ஊட்டு நகையை வெச்சி ஆளுக்கு இருவத்தஞ்சு தரேன். அதோட கணக்கு க்ளோஸ்."

வவுச்சரையும் மைப்பெட்டியையும் என் பக்கம் தள்ளினார். ஐந்து வருடமாக அவரிடம் கைநாட்டு வைத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் தள்ளினார். நான் வவுச்சரை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். "ரூபாய் இருபத்தைந்தாயிரம் முழுக் கணக்காகப் பெற்றுக்கொண்டேன். இனி எந்தப் பாக்கியும் இல்லை. எந்த உரிமையும் கோர மாட்டேன்."

"அது சும்மா எழுதறதுய்யா" என்றார்.

அந்த நேரம் பார்த்து அரவிந்தன் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மேஸ்திரி, நியூஸ் பாத்தீங்களா? பில் பாஸ் ஆயிருச்சு. லாட் 2-க்கு ஆர்டர் கன்ஃபர்ம். இருபத்துநாலு தொட்டி. தகடு வெட்ட ஆரம்பிக்கலாம்."

லாட் 2. என் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

"சார், ஒரு நிமிஷம். அந்த அமெரிக்கா பில்லு லாட் 2-க்கா?"

"ஆமாண்ணே. அதுக்குத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தோம்."

"நான் அடிச்சதெல்லாம் லாட் 1 சார். முப்பத்தாறும் லாட் 1. லாட் 2 தகட்டை நாங்க தொடவே இல்ல."

"லாட் 1 பழைய ஒப்பந்தத்துப் பணம். அது அக்டோபர்லயே வந்திருச்சு. மேஸ்திரியோட லேபர் பில் நவம்பர் எட்டாம் தேதி செட்டில் பண்ணிட்டோமே." சொல்லிவிட்டு அவர் எங்கள் பதினொரு முகத்தையும் பார்த்தார். மேஜை மேல் வவுச்சரைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அண்ணே, அன்னைக்கு நீங்க கேட்டது உங்க கூலி பில்லா? நான் அந்த மசோதான்னு..."

ஜஸ்டின் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துவிட்டான். "தீவுக்காரன் பேர சொல்லி எங்க வயித்துல அடிச்சிக்கினு புது வண்டியா வாங்கின?" நான்தான் கையை எடுத்துவிட்டேன். அடிக்கக் கூடாது என்று இல்லை. அடித்தால் அதைச் சொல்லியே பணத்தை நிறுத்திவிடுவார்.

மேஸ்திரி என்னை மட்டும் கதவு ஓரம் இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார். "கலியா, உனுக்கு நாப்பத்தொண்ணு முழுசா இப்பவே தரேன். கம்முனு பூடு. இவனுங்களுக்கு இன்னா தெரியும்?"

"எனுக்குத் தெரிஞ்சா அல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரிதான்" என்று நான் உரக்கச் சொன்னேன். "ரெண்டு மாசம் உன் பொய்யை நான்தான் இவங்ககிட்ட சுமந்துகினு போனேன். காசையும் அல்லாருக்கும் சேத்துத்தான் வாங்குவேன்."

அரவிந்தன் முன்னால் வந்து நின்றார். சின்ன வயதுதான். காது சிவந்திருந்தது. "மேஸ்திரி, இவங்க பதினொரு பேரும் கையெழுத்துப் போட்ட முழுத் தொகை வவுச்சர் என் டேபிளுக்கு வரணும்" என்றார். "அது வர வரைக்கும் லாட் 2-ல உங்க பில் பாஸ் ஆகாது."

பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி பணம் வந்தது. எண்பத்திரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள், ஒரு இருநூறு, ஒரு நூறு, மூன்று இருபது. இரண்டு தடவை எண்ணினேன். மேஸ்திரி புது வவுச்சரை வைத்தார். பழக்கத்தில் அவர் கை மைப்பெட்டிக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திப் பேனாவைக் கொடுத்தார்.

தொகையை எழுத்தால் எழுதினேன். நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய் பெற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். வேலை முடிந்து நூற்று நாற்பத்தாறு நாள் கழித்து.

"அது எதுக்குய்யா?" என்றார் ஜானகிராமன். "காசுதான் குடுத்துட்டேனே."

"மேல் வரி காசுக்கு எழுதிக்கீறேன். இது நாளுக்கு."

கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடாமல் மேஜையில் போட்டுவிட்டு, பணத்தை உள்பையில் வைத்துக்கொண்டு கரையான்சாவடி பஸ்ஸுக்கு நடந்தேன்.