திரையில் குறை ஒன்றும் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பதிவேட்டுக் குறிப்பிலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான்தான். வேலை பார்க்கும் மருத்துவமனையில், கருவிப் பிரிவின் பழுதுப் பதிவேட்டில், மதியச் சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதியது. பதினெட்டு வருடமாகக் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. ஆனால் என் எழுத்தைக் கேட்டு எண்பது பேர் ஒரே நேரத்தில் சிரித்தது அந்தக் குறிப்புக்குத்தான்.

இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதனால் இனிமேல் 'நான்' கிடையாது. 'அவன்' என்றே எழுதப்போகிறேன். அவன் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று திட்டலாம். இது ஒளிந்துகொள்கிற வேலைதான், தெரியும். நடுவே எங்காவது 'நான்' தலை நீட்டினால் கண்டுகொள்ளாதீர்கள்.

(தொடக்கம் ஒன்று: "காலை எட்டு மணிக்கு அவன் கருவிப் பிரிவின் கதவைத் திறந்தபோது—" வேண்டாம். அலுவலகக் கதை எல்லாமே கதவைத் திறந்துதான் ஆரம்பிக்கிறது.

தொடக்கம் இரண்டு: "துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்த அந்தப் பெண்ணின் மணிக்கட்டில்—" இதுவும் வேண்டாம். தப்பு செய்தவன் இருக்க, அவரை முன்னால் தள்ளுவது என்ன நியாயம்?)

2

விஷயம் இதுதான். படுக்கை விரிப்பு மாற்றுகிறவர்கள், தரை துடைக்கிறவர்கள், துணி வண்டி தள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் மருத்துவமனை ஆளுக்கொரு ஸ்மார்ட்வாட்ச் கொடுத்தது. வேலை இனி வாய்ச்சொல்லாக வராது, மணிக்கட்டில் வரும். வாட்ச் துடிக்கும், திரை எரியும். 'மூன்றாம் மாடி, ஒன்பதாம் படுக்கை, விரிப்பு மாற்றவும், நோயாளியை எழுப்ப வேண்டாம்' என்று இருக்கும். படித்துவிட்டு 'சரி' என்பதைத் தொட வேண்டும். பதினைந்து விநாடியில் திரை அணைந்துவிடும். அதற்குள் தொடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும், தவறவிட்டவரின் எண் சூப்பர்வைசரின் கணினியில் சிவப்பாகத் தெரியும். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு அதிகமானால் ஆளை நிறுத்திவிடுவார்கள்.

முப்பத்தொன்றாம் எண் வாட்ச் சூப்பர்வைசர் வழியாக மூன்று தடவை பழுதுக்கு வந்தது. மூன்று தடவையும் ஒரே புகார்: திரை நிற்கமாட்டேன் என்கிறது.

முதல் தடவை அவன் ஒழுங்காகத்தான் பார்த்தான். அதில் குறை சொல்ல முடியாது. பின்பக்கக் கண்ணாடியில் சோப்பு படிந்திருந்தால், தன்னைக் கையில் கட்டியிருப்பதே தெரியாமல் வாட்ச் திரையை அணைத்துக்கொள்ளும், துடைத்தான். வார் தளர்ந்திருந்தாலும் அதே கதிதான், வாரை மாற்றினான். இரண்டாம் தடவை பேட்டரியை மாற்றி, தன் கையிலேயே கட்டிக்கொண்டு அரை நாள் அலைந்தான். பதினைந்து விநாடி என்றால் பதினைந்து விநாடி, பிசகவில்லை. மூன்றாம் தடவை அது மேசைக்கு வந்தபோது பசி வேறு, எரிச்சல் வேறு. பதிவேட்டில் எழுதினான்:

'திரையில் குறை ஒன்றும் இல்லை. அது பதினைந்து விநாடி விழித்திருக்கிறது. பார்ப்பவர்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.'

(முதலில் 'விழித்துக்கொள்ளவில்லை' என்றுதான் வந்தது. ஒரே சொல் இரண்டு தடவை வருகிறதே என்று அடித்துவிட்டு 'எழுந்திருக்கவில்லை' என்று மாற்றினான். ஆமாம், மெருகேற்றினான். மாற்றியபின் வாய்விட்டு ஒரு தடவை வாசித்தும் பார்த்தான்.)

3

சூப்பர்வைசரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே வாளியைத் தூக்குகிற மனிதர் அவர். பதிவேட்டைப் புரட்டினார், சிரிப்பு வந்தது, மறுநாள் காலை ஏழு மணிக் கூட்டத்தில் முப்பத்தொன்றாம் எண்ணைப் பெயரோடு கூப்பிட்டு நிறுத்தி, எல்லோருக்கும் கேட்க வாசித்தார். அவ்வளவுதான். குறிப்பு அவருடையது இல்லையே.

அவன் அந்தக் கூட்டத்துக்குப் போகிறவன் இல்லை. கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் சொல்லித்தான் தெரியும்.

"யார் சார் அதை எழுதினது? காலையில அத்தனை பேரும் சிரிச்சு மாளல."

"நான்தான்."

"அதானே பாத்தேன். எழுத்தாளர் ஆச்சே!"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் இரண்டு மணி நேரம் இருந்தது. பிறகு மூன்றாம் மாடியில் ஒரு கருவியைப் பார்க்கப் போனான். நடைபாதையில் துணி வண்டி தள்ளிக்கொண்டு போன ஒரு பெண், முன்னால் போனவரைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னக்கா, எழுந்தாச்சா?"

"இப்பதான் பல்லு விளக்கிட்டிருக்கேன்," என்று சிரித்துக்கொண்டே திரும்பினார் முன்னால் போனவர்.

அவனுடைய அண்ணி.

அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு அவர் வந்தபோது அவன் பத்தாம் வகுப்பு. இன்றைக்கும் அவன் சாப்பிடுவது அண்ணி கைச் சாப்பாடுதான். வாட்ச்சுக்கு எண் மட்டும்தான் உண்டு; எது யார் கையில் என்பது சூப்பர்வைசருக்குத்தான் தெரியும். (இது உண்மை. ஆனாலும் இதை எழுதும்போது சாக்குப் போக்கு மாதிரியேதான் இருக்கிறது.)

அவனைப் பார்த்ததும் அண்ணியின் சிரிப்பு நின்றது. சீருடையின் கையை வாட்ச் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சாப்டியா தம்பி?" என்றார்.

4

அவனால் அந்த மாடியை விட்டு நகர முடியவில்லை. எதிர் வார்டில் நின்றுகொண்டு, திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாட்ச் துடித்தது. அண்ணி கையிலிருந்த விரிப்புகளைக் கீழே வைத்தார். மணிக்கட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரலை எழுத்துக்கு அடியில் வைத்து நகர்த்தினார். உதடு அசைந்தது. மூ. மூன். மூன்றா. பாதியில் திரை அணைந்துவிட்டது. அண்ணி கண்ணை மூடி, பார்த்ததை மனசில் பிடித்து வைக்கப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் போனார்.

"இந்த வாட்ச்சு நிக்கவே மாட்டேங்குது. எனக்கு என்ன வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அவனுக்கு அது தெரியாது.

அவன் ஒவ்வொரு கதையையும் முதலில் அண்ணியிடம்தான் கொடுப்பான். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தருவார். "கடைசியிலதான் மனசை என்னவோ பண்ணிருச்சு," என்பார். எல்லாக் கதைக்கும் அதையேதான் சொல்வார். இரண்டாம் தொகுப்பின் முன்னுரையில் 'என் முதல் வாசகி' என்று அவரைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறான். அப்படியென்றால் அதெல்லாம்—

(இங்கே நிறுத்துகிறேன். எதிரே அண்ணி அவமானப்பட்டு நிற்கிறார், அவன் மனசில் முதலில் வந்தது 'என் கதையை அவர் படித்ததே இல்லையா' என்பதுதான். இதை விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை அடித்தேன். பூசி மெழுகினால் பிறகு இந்தக் கதை எதற்கு?)

5

மறுநாள் அவனே முப்பத்தொன்றாம் எண் வாட்ச்சை வரவழைத்தான். திரை அணையும் நேரத்தைப் பதினைந்து விநாடியிலிருந்து ஒரு நிமிடமாக மாற்றினான். அந்த வேலைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று தடவை வந்தபோதும் இதைச் செய்திருக்கலாம். யாருக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஆனால் மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டும். பதிவேட்டுப் பக்கத்துக்கு வருமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தான்.

'பயன்படுத்துபவர் மெதுவாகப் படிப்பவர் என்பதால்—' சீ.

'முந்தைய குறிப்பு தவறு. சோதித்தவர்—'

இரண்டாவதில் 'சோதித்தவர்' வரை வந்து பேனா நின்றுவிட்டது. அடுத்த சொல்லில் அவன் பெயர் வர வேண்டும். கடைசியில் 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதி, காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துக்கொண்டான்.

அண்ணியின் எண்ணில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வாரம் கழித்து சூப்பர்வைசர் அவன் தோளில் தட்டினார்.

"உங்க எழுத்து வேலை செய்யுது சார். முப்பத்தொண்ணு இப்ப டாண்ணு இருக்காங்க. ஒரு வரியில உறைச்சிருச்சு. இன்னும் நாலஞ்சு பேருக்கு அதே மாதிரி எழுதிக் குடுங்களேன்."

"பாக்கலாம் சார்," என்று சொன்னான். சிரிக்கவும் செய்தேன்.

6

இதற்கு எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அவன் அண்ணி காலில் விழுகிறான். அண்ணி கண்ணீரோடு தூக்கி நிறுத்துகிறார். (நாலு பக்கம். கிழித்துப் போட்டேன். மன்னிப்பு கேட்பதும் நானே, கொடுப்பதும் நானே என்றால் நல்ல கூத்துதான்.)

ஆ. காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் பேசுகிறான். (அதில் அவன் ரொம்ப அழகாகப் பேசுகிறான். கைதட்டல்கூட வருகிறது. வெட்கக்கேடு.)

உண்மையில் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். துவைத்துக் காய்ந்த விரிப்புகளை மடிக்க அண்ணி அவனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் இரண்டு முனை அவர் கையில், இந்தப் பக்கம் இரண்டு முனை அவன் கையில்.

"என்ன எழுதிட்டிருக்கே? ரெண்டு வாரமா மூஞ்சியே சரியில்லையே."

"ஒரு கதை அண்ணி. சரியா வரல."

"முடிச்சதும் குடு. இவளுக்குப் பரீட்சை முடியட்டும், வாசிக்கச் சொல்றேன்." இவள் என்றது மகளை, உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவதான் வாசிப்பாளா?"

"பின்னே? நான் எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள நீ அடுத்த புத்தகம் போட்டுருவே. முன்னாடி உங்க அண்ணன் வாசிப்பார். அவர் வாசிச்சா தூக்கம்தான் வரும். இவ நல்லா வாசிக்கிறா. உன் கதை ஒண்ணு விடாம கேட்டிருக்கேன்."

ஒரு கணம் அவன் மனசு குளிர்ந்துபோயிற்று. (அப்போதும் தன் கதைதான். திருந்தாத ஜன்மம்.)

"அன்னிக்குக் காலையில சார் வாசிச்சாரே, அப்பவே தெரிஞ்சிருச்சு, அது நீதான்னு," என்றார் அண்ணி.

அவன் கையிலிருந்து முனை நழுவியது.

"யாரும் பேர் சொல்லலை. ஆனா கேட்டதும் தெரிஞ்சுது. ரெண்டு வரி சும்மா போயி, மூணாவதுல ஆளைக் கவுக்கறது நீதானே."

"அண்ணி, அது உங்களுதுன்னு எனக்குச் சத்தியமா—"

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டே. வேற எவளோன்னா எழுதலாமா?"

அண்ணி தன் பக்கத்து முனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நேரத்தை மாத்தி வெச்சதும் நீதான்னு தெரியும். அதை யாருக்கும் தெரியாம பண்ணே. இதை ஊருக்கே கேக்கற மாதிரி பண்ணே." அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. "நல்லாத்தான் எழுதியிருந்தே. அதான் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. நல்லா இல்லாம இருந்திருந்தா அன்னிக்கே மறந்திருப்பாங்க."

"மன்னிச்சிருங்க அண்ணி."

"என்கிட்ட என்னத்துக்கு? அங்க சிரிச்சாங்கல்ல, அவங்ககிட்ட சொல்லு. முனையை எடு, தரையில கிடக்கு."

7

'அவன்' போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு வாரம் போய்விட்டது. பதிவேட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: எண் முப்பத்தொன்று பற்றிய என் குறிப்பு தவறு, திரை அணையும் நேரத்தைக் குறைவாக வைத்தது கருவிப் பிரிவின் பிழை. யாருடைய ரகசியமும் வெளியே வராது. கெடுவது என் பெயர் ஒன்றுதான். சூப்பர்வைசர் அதையும் கூட்டத்தில் வாசிப்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதை எழுதாமல் இருக்கத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அன்று சிரித்த எண்பது பேரில் ஒருவர்கூட இந்தக் கதை வருகிற பத்திரிகையை வாங்குவதில்லை. அது தெரிந்தேதான் இங்கே எழுதினேன். அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் இதைக் கேட்கப்போகிறவர் ஒருவர் மட்டும் உண்டு, மகளுக்குப் பரீட்சை முடிந்ததும். அவரோ, என்கிட்ட என்னத்துக்கு என்று சொல்லிவிட்டார்.

முடிவு நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன், அதுதான் பயம். நாளைக்குத் திங்கட்கிழமை, கூட்டம் ஏழு மணிக்கு. நான் திருத்தம் எழுதினேனா இல்லையா என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுதியிருப்பான் என்று நல்ல மனதோடு நினைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள்.