கஸ்பர் கடையில் பெய்த பழைய மழை

1987 ஒக்ரோபர் புயலுக்கு அடுத்த நாளிலிருந்து, லண்டன் அப்டன் பார்க்கில் கஸ்பருடைய மீன்கடைக்குள் மட்டும் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய மழை பெய்தது. வெளியே தெருவில் வெயில் எறித்தது. உள்ளே விளைமீன் வாங்க வந்த சனம் தெப்பமாக நனைந்து நின்றது. கவுன்சிலிலிருந்து வந்த ஆள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். கூரையில் ஒரு பிழையும் இல்லை, மழையில்தான் ஏதோ பிழை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிழை தவநாயகியுடையது. எண்பத்திரண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்க வந்தவள் அவள். மற்றப் பிள்ளைகள் கணக்கியல் படிக்க, இவள் சேறு படித்தாள். ஏரிக்கடியில் கோடையில் வெளிறிய படையும் மாரியில் கறுத்த படையும் படியும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். படைகளின் தடிப்பைப் பார்த்து, அந்தக் காலத்தில் மழையும் வறட்சியும் என்ன ஒழுங்கில் சுற்றிச் சுற்றி வந்தன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ஸ்கொட்லாந்து ஏரி ஒன்றின் அடிச்சேற்றை நீளக் குழாய்களில் உருவிக்கொண்டு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தின் குளிர் அறையைத் திருத்த எடுத்தபோது குழாய்களை வைக்க இடமில்லை. மன்னார்க்காரரான கஸ்பர் தன் கடையின் குளிர் அறையில், அறக்குளா மீன் பெட்டிகளுக்குப் பின்னால் இடம் கொடுத்தார். புயலில் மின்சாரம் நின்றது, சேறு இளகியது, அடியில் கிடந்த வருடங்கள் நாளுக்கு ஒன்றாக வெளியே வரத் தொடங்கின. மத்தியானம் வரை கோடை, அதற்குப் பிறகு மாரி. மின்சாரம் திரும்பி வந்தும் அவை அடங்கவில்லை.

வெளியே வந்த வருடத்தின் படை குழாயிலிருந்து அழிந்துபோனது. அதைக் கண்டதும் தவநாயகி நண்டுக்கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள்.

"என்ரை படிப்பெல்லாம் கரைஞ்சு போகுது, கஸ்பர் அண்ணை."

"எங்கை போகுது? உன்ரை கண்ணுக்கு முன்னாலதானே பெய்யுது. இருந்து அளந்து பாரன், தங்கச்சி."

அவளுக்கு வேறு வழியும் இல்லை. தராசுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் மழைமானியை வைத்துவிட்டுக் குடையோடு கதிரையில் இருந்தாள். நாலு வருடம் அப்படியே இருந்தாள். கல்யாணம் பேசி வந்தவர்களும் அங்கேயே வந்து, நனைந்து, திரும்பிப் போனார்கள்.

வறட்சி வருடங்கள் வந்தபோது கடைக்குள் அடித்த வெயில் லண்டன் காணாத வெயில். கஸ்பர் மீனை வெட்டி உப்புப் போட்டுக் கருவாடு காயவிட்டார். செய்தி வட லண்டன் எட்மண்டன் வரை போய், செத்தல் மிளகாயும் வேப்பம்பூ வடகமும் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. மழைமானியின் தலையிலேயே ஒருத்தி மோர்மிளகாய் பரப்ப, தவநாயகிக்கு வந்ததே கோபம்! ஆனாலும் அந்தக் கருவாட்டால்தான் ஒழுங்கு பிடிபட்டது. நாளைக்குக் காயவிடலாமா என்று கஸ்பர் கேட்பார். அவள் போன வருடங்களைப் பார்த்துச் சொல்வாள். ஒருமுறை அவள் சொல்லு பிழைத்து, ஒரு பெட்டி சூடை மீன் நாறி, அந்தத் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. அன்றைக்கு அவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. பிழை எங்கே என்று தேடித் திருத்தினாள். பிறகு சொன்னதெல்லாம் சரிவந்தது.

தொண்ணூற்றொன்றில் ஆய்வேட்டைக் கொடுத்தாள். பல்கலைக்கழகம் சேற்றைக் காட்டச் சொன்னது. குழாய்களில் பாதிக்கு மேல் படையழிந்த வெறும் களி. அத்தாட்சி இல்லாமல் பட்டம் இல்லை என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில், பரீட்சகரான பேராசிரியர் பீற்றர் ஒரேயொரு நாள் கடைக்கு வந்து பார்க்கச் சம்மதித்தார். தவநாயகி தன் ஒழுங்கின்படி பெருவெள்ளம் வரவேண்டிய நாளைக் குறித்து, முழங்கால் சப்பாத்தோடு வரும்படி எழுதினாள். அன்றைக்குப் பெய்யாவிட்டால் பட்டமும் இல்லை, ஒன்பது வருடப் படிப்பும் இல்லை.

அவர் மினுக்கிய தோல் சப்பாத்தோடு வந்தார். காலையில் கடைக்குள் இதமான வெயில். மத்தியானம் திரும்பியது, குளிர் வந்தது, மழை வரவில்லை. பின்னேரமாகியும் ஒரு துளி இல்லை. பீற்றர் மணிக்கூட்டைப் பார்த்தார். கஸ்பர் மடு மாதாவைக் கூப்பிட்டார். தவநாயகி ஒருவரையும் கூப்பிடாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வேணுமெண்டால் பின்னால நிண்டு ஹோஸ் பைப்பால அடிச்சு விடட்டோ?" என்று கஸ்பர் அவள் காதுக்குள் கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. பெஞ்சால் அதுவாப் பெய்யட்டும்."

பீற்றர் எழுந்து கோட்டைப் போட்டு, கடைசிப் பொத்தானைப் பூட்டும்போது பெய்தது. அம்மாடி, என்ன மழை! தராசு மிதந்தது. ஐஸ் பெட்டி கதவடிக்குப் போய் முட்டி நின்றது. செத்த பாரை மீன்கள் உயிர்வந்ததுபோல் கடையைச் சுற்றி வந்தன. பீற்றர் முழங்காலளவு தண்ணீரில், மீன் வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு, கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் மழைக்கு மேலால் கத்திக் கேட்டார். தவநாயகியும் கத்தியே பதில் சொன்னாள். சந்தோசத்தில் அவளுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

கேள்விகள் முடிந்ததும் அவர் ஈரம் சொட்டும் ஆய்வேட்டை விரித்தார். அவள் அடக்கமாக ஒவ்வொரு பக்கத்திலும் 'மதிப்பிடப்பட்ட மழை' என்று எழுதியிருந்தாள். அவர் முகத்தைத் துடைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். ஒரேயொரு திருத்தம்தான் என்று சொல்லி, முதற் பக்கத்தில் 'மதிப்பிடப்பட்ட' என்பதை வெட்டினார்.