கொசுறாகப் போன பெயர்

பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் முதலாளியம்மாவை அசைக்க ஆள் கிடையாது. காகித வியாபாரி ஒரு விலை சொல்வார். அம்மா பதில் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் வியாபாரி தானாகவே இறங்கி வந்திருப்பார். அச்சகத்து மாடியில், மழை பெய்தால் மேசையை நகர்த்தவேண்டிய ஒற்றை அறையில் அவர் தொடங்கிய பெண்கள் வார இதழ் வானொலியாகி, பிறகு தொலைக்காட்சியாகவும் ஆனது அந்தத் துடைப்பில்தான் என்று அலுவலகத்தில் கிண்டல் உண்டு. நடுவில் புத்தகங்களும் எழுதினார். பேரம் பேசுவது பற்றி எழுதியதுதான் சக்கைப்போடு போட்டது. வாங்க வந்தவர்கள் அந்தப் புத்தகத்துக்கே விலை குறைக்கச் சொல்லி வம்பு செய்கிறார்கள் என்று பதிப்பாளர் புலம்பினார்.

இதழ், வானொலி, தொலைக்காட்சி மூன்றுக்கும் ஒரே பெயர், மின்மினி. முதல் இதழ் அச்சேறும் நாளில் தலைப்பு கிடைக்காமல் அச்சகக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். காகிதக் கட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்த தன் கைக்குழந்தையைக் காட்டி, "இவளைக் கூப்பிடற பேரையே போடுங்க" என்று சொல்லிவிட்டார் அம்மா.

சென்ற ஆண்டு மொத்தத்தையும் விற்றார். வாங்க வந்தவர் பெரிய புள்ளி. கட்டடம், கேமரா, பழைய நிகழ்ச்சிகள் என்று ஒவ்வொன்றுக்கும் இழுபறி. கடைசியில் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப்போனபோது அம்மா சிரித்துக்கொண்டே, "சரி தம்பி, பேரையும் கொசுறா வச்சுக்கோங்க" என்றார். பேரம் படிந்தது. வீடு போய்ச் சேரும்வரை அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொசுறாகப் போனது எதுவென்று உறைத்தது மகள் வந்த அன்றுதான். அவள் குழந்தைகளுக்குக் கதைகளை ஒலிப்பதிவு செய்ய ஒரு சின்னக் கூடம் எடுத்திருந்தாள். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டியாயிற்று. வாசல் பலகை மட்டும் பாக்கி. கைப்பேசியை நீட்டினாள்.

"பாரும்மா. மின்மினி கதைக்கூடம். எழுத்து மஞ்சளா, பச்சையா?"

"அந்தப் பேர் வேணாமே."

"ஏன், என் பேர்தானே?"

"உன் பேர்தான். ஆனா கம்பெனியோட சேர்ந்து போயிடுச்சு. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்."

மகள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள். "எவ்வளவுக்கும்மா போச்சு?"

பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கலாம். விலைபோன பெயர் என்றால் அதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"கொசுறா குடுத்தேன்."

"ஓட்டைக் கேமராவுக்குக்கூட விடாம விலை பேசினேன்னு சொன்னியே." மகள் சிரித்தாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் அம்மாவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "பரவால்லம்மா. உனக்கும் அவசரம் இருந்திருக்கும்."

மறுநாள் காலையிலேயே பெரிய புள்ளிக்குத் தொலைபேசினார்.

"தம்பி, அந்தப் பேரை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. என்ன விலைன்னாலும் சரி."

என்ன விலை என்றாலும் சரி என்று பேச்சைத் தொடங்குபவர் தோற்றுவிட்டார் என்று அவரே எழுதியிருந்தார்.

"அம்மா, உங்க புத்தகத்தைப் படிச்சுத்தான் நான் பேரமே கத்துக்கிட்டேன். குடுத்த கொசுறைத் திரும்பக் கேட்கக் கூடாதுன்னு ஒரு அத்தியாயமே இருக்கு."

"என் பொண்ணு பேருப்பா அது."

அவர் மரியாதையாகவே சொன்னார். "தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். நான் வாங்கினதே அந்தப் பேரைத்தான். மத்ததெல்லாம் காயலான் கடைக்குப் போற சாமான்."

கூடம் திறந்த நாளில் அம்மா வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தானே எழுதிக்கொடுத்த முழுப்பெயர் பச்சையில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி மகளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. உள்ளே அவள் யாருக்கோ ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பழகிய பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பலகையில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். செய்தி வாசிப்பவர் குரல் மாதிரி வந்தது.

மகள் திரும்பவில்லை. யாரோ வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.