ஒரு சாண் கரி

காலையில் சமையலறைச் சுவரின் விரிசல்மேல், அது பெரிதாகிறதா என்று பார்க்க அவள் ஒட்டிய காகிதத் துண்டு மதியத்துக்குள் இரண்டாகக் கிழிந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறச் சரிவில் இறங்கினாள். கீழே கொழுந்தனின் உளிச் சத்தம் அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

போன மழையில் கடலைப் பார்த்த குன்று சரிந்து, உள்ளே கிடந்த நிலக்கரி வெளியே தெரிந்தது. பாறைக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புக் கோடு, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் சீந்தாது. செங்கல் சூளைக்காரர்கள் வாங்குவார்கள். கரையோரத்தில் வீட்டுக்கு ஒருவர், ஆள் நுழையும் அளவுக்குக் கரிக்குக் கீழே உள்ள பாறையையும் சேர்த்து வெட்டி, படுத்தபடியே உள்ளே போனார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒழுங்கு: ஒவ்வோர் ஆள் நீளத்துக்கும் ஓரிடத்தில் கரியை வெட்டாமல் தூணாக விட்டுவிடுவார்கள். மேலே இருப்பதை அதுதான் தாங்கும். கொழுந்தன் அந்தக் கறுப்புக் கோடு போன வழியே வெட்டிக்கொண்டு போய் அவள் சமையலறைக்கு அடியில் வந்துவிட்டான். புருஷனிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். தம்பிக்குத் தெரியாததா என்று கேட்டுவிட்டு அவன் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய் ஒன்றுதான்.

அவன் வெட்டிய பொந்தின் வாயில் குனிந்து பார்த்தாள். கொழுந்தனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"வெளிச்சத்த மறைக்காதீங்க அண்ணி."

"செவுரு வெடிச்சிருச்சு. வெளிய வா."

"உங்க வாய்க்கே அது எப்பவோ வெடிச்சிருக்கணும்."

கண் இருட்டுக்குப் பழகியது. தூண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன. ஒன்று அவள் தாய்வீட்டிலிருந்து வந்த கட்டிலின் கால்.

"தூண் எங்க?"

"வித்தாச்சு. அதுலதான் நல்ல கரி."

"மேல என் பிள்ளைங்க படுக்குது."

"வீடு எங்கப்பா கட்டினது. பயமா இருந்தா உங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." உளி மறுபடி விழுந்தது.

அவள் மண்டியிட்டு உள்ளே கை நீட்டினாள். கட்டில் கால் எட்டியது. ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளங்கையில் அதிர்ந்தது. இறுக்கிப் பிடித்து, ஒரு விரற்கடை அளவு தன் பக்கம் இழுத்தாள். மேலிருந்து பொடிக்கல் உதிர்ந்து அவன் கணுக்காலில் விழுந்தது.

உளிச் சத்தம் நின்றது.

"அண்ணி," என்றான். இந்தமுறை குரல் வேறாக இருந்தது. "கைய எடுங்க."

"நீ வெளிய வா. எடுக்கிறேன்."

பின்னால் கடல் இரைந்தது. இருட்டுக்குள் அவன் கால்விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அவள் கை கட்டையிலேயே இருந்தது.