எட்டுக் கல் உயரம்

அதிகாரிகள் வந்து செங்கல் சூளையின் கொத்தடிமையிலிருந்து மீட்ட மறுநாள் காலை, பழங்குடிச் சகோதரிகள் இருவருக்கும் கால் தரையில் படவில்லை. ஏழு வருடம் சுமைக்கு எதிராக மேல்நோக்கித் தள்ளியே பழகிய உடம்புக்கு, சுமை போன பிறகும் தள்ளுவதை நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான். நடைக்குப் பன்னிரண்டு கல் சுமந்த அக்கா ஒரு முழம் மிதந்தாள்; எட்டுக் கல் சுமந்த தங்கை ஒரு சாண். வாடகை அறையின் தாழ்ந்த கூரையில் மின்விசிறி போட முடியாததைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. பேருந்தில் நடத்துநர்தான் குழம்பினார்.

"நிக்கவும் இல்ல, உக்காரவும் இல்ல. உங்கள எதுலம்மா சேக்குறது?"

"போறவங்கள்ல சேத்துக்குங்கண்ணே," என்றாள் அக்கா. பேருந்தே சிரித்தது.

அக்காவுக்கு ஒரு கிடங்கில் மேல்தட்டுப் பெட்டிகளை எடுக்கும் வேலை உடனே கிடைத்தது. தங்கைக்குத் தையல் மீதுதான் ஆசை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஆனால் தையல் இயந்திரத்தின் மிதி தரையில் இருந்தது. முதல் நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டதும், சூளைப் பழக்கத்தில், கழுத்தை விறைத்து முழங்காலை மடக்கிச் சுமைக்குத் தலையைக் காட்டிவிட்டாள். ஐம்பது பேரும் சிரிக்க, அவளும் சிரித்து, சிரித்ததில் இன்னும் இரண்டு விரற்கடை ஏறிப்போனாள். இரண்டாம் நாள் மேற்பார்வையாளர் பின்சுவரோரம் கிடந்த எட்டுச் செங்கற்களைக் கொண்டுவரச் செய்தார்.

"கோவிச்சுக்காதம்மா. இத தலையில வெச்சுக்கிட்டா கால் எட்டும். இல்லன்னா நாளையோட சரி."

"மேடம், இந்தத் தலையில இனிமே சீப்பத் தவிர எதுவும் ஏறாது."

முடியாது என்று ஒருவரிடம் அவள் சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. சொன்ன வேகத்தில் மேலே போய்க் குழல்விளக்கில் இடித்துக்கொண்டாள். இறங்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை மெக்கானிக் ஏணியோடு வந்தார். "மோட்டாருக்குத் தரை எது, கூரை எதுன்னா தெரியும்? கரண்டு வந்தா சுத்தும்," என்று சொல்லி, ஓர் இயந்திரத்தை மிதியோடு கழற்றி, கூரையோரத் தட்டில் திருகி மாட்டினார். மதியத்துக்குள் அவள் நாற்பது சட்டைக் காலர் தைத்து முடித்தாள். மேற்பார்வையாளர் மூச்சு வாங்க ஏணியேறி, ஒவ்வொன்றையும் அளவுநாடா வைத்துப் பார்த்தார்.

"தையல் நேராத்தான் இருக்கு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

அடுத்த வருடம் வேறு சூளைகளிலிருந்து விடுபட்டு வந்த பதினான்கு பெண்களுக்கும் மேலேயே வரிசை போட்டார்கள். கீழே பெருக்க இப்போது வசதியாக இருக்கிறது என்று துப்புரவு செய்யும் அம்மா சொன்னார்.